இரண்டாம் பகுதியில் அழுதவர்கள்

முதல் மணி அடித்ததும் அரங்கத்திலிருந்த ஆயிரத்து இருநூறு பேரும் நெற்றியில் ரசனைப்பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். ஏழாவது வரிசை நடு இருக்கையில் ஹெப்சிபா கட்டிக்கொண்டது மட்டும் வேறு வகை. மற்றவர்களுடையது வாங்கும், அவளுடையது கொடுக்கும். அவள்தான் அந்த அரங்கத்தின் முதற்செவி. இசையைக் கேட்டு அவளுக்குள் எது எழுகிறதோ, அது கால் நொடியில் மற்ற அத்தனை பேருக்குள்ளும் எழும்.

பட்டை வருவதற்கு முன்பு சென்னையில் மேல்நாட்டு இசை பட்ட பாடு கொஞ்சமல்ல. தொடையில் தாளம் போட்டுப் பார்ப்பார்கள், பிடிபடாது. ஒரு பகுதி முடிந்தாலே கச்சேரி முடிந்ததென்று கைதட்டுவார்கள். மெதுவான பகுதி வந்தால் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். இப்போது எவரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முப்பது வருஷம் காதைத் தீட்டிக்கொண்ட ஒருத்தி கேட்டால் போதும், ஊரே கேட்ட மாதிரிதான். இதில் வருத்தப்பட்டவர் கேன்டீன்காரர் ஒருவரே.

மேடையில் இருப்பவர்களுக்குப் பட்டை கிடையாது. தாங்கள் வாசித்தது எப்படி இருந்தது என்பதை எதிரே தெரியும் முகங்களைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று மேடையில் ரூபன் தேவசகாயம். பெரம்பூர்க்காரன், ஐம்பத்தைந்து வயது. ஒற்றை கிட்டாரும் அறுபது பேர் வாத்தியக்குழுவும் பேசிக்கொள்கிற ஒரு கான்செர்டோவை ஒன்பது வருஷமாக எழுதியிருந்தான். மூன்று பகுதிகள். இன்று சபைக்குப் பிடிக்காவிட்டால் இன்னொரு தரம் அதை யாரும் மேடையேற்றப் போவதில்லை. அவனும் ஹெப்சிபாவும் ஒரே சர்ச்சில் பாடகர் குழுவில் பாடியவர்கள். "அக்கா, நீங்க கேக்கறீங்கன்னா எனக்கு பயமில்ல" என்று மதியம் போனில் சொல்லியிருந்தான்.

முதல் பகுதி முடிந்தது. கைதட்டக் கூடாது என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும்; அதனால் எவரும் தட்டவில்லை. அந்த அமைதியில் மேலாளர் கதிரேசன் குனிந்தபடி வரிசைக்குள் நுழைந்து ஒரு துண்டுச் சீட்டை அவள் கையில் வைத்தார்.

'சார் போயிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.'

சார் என்றால் சத்யதாஸ், அவள் கணவர். பத்து நாளாக நுரையீரல் நோயோடு படுத்திருந்தார். காலையில்கூட வாய்விட்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டார். கச்சேரி நேரத்தில் முதற்செவிக்கு எந்தச் செய்தியும் போகக் கூடாது என்பது விதி. அதை எழுதியவரே கதிரேசன்தான். ஆனால் புருஷன் செத்த செய்தியை மனைவியிடம் ஒரு நிமிஷம்கூட மறைக்கக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைத்தார். நல்ல மனுஷர்கள் செய்கிற கெடுதலுக்கு அளவே கிடையாது.

ஹெப்சிபா எழுந்து போயிருக்கலாம். போனால் பட்டைகள் அத்தனையும் அணைந்துவிடும். ரூபனின் ஒன்பது வருஷமும் கேன்டீனோடு முடிந்துவிடும். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

இரண்டாம் பகுதி தொடங்கியது. அதில் ஒரு சுரம்கூட அவள் காதில் விழவில்லை. இட்லி கேட்ட குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பால்கனியில் யாரோ விம்மினார்கள். பிறகு வரிசை வரிசையாக அழுதார்கள். ஒரு போலீஸ் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், ஏனென்று தெரியாமலே தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரூபன் தலைதூக்கிப் பார்த்தான். அவன் கண்ணும் நிறைந்துவிட்டது.

கச்சேரி முடிந்ததும் ஒப்பனை அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜனங்க இப்படி அழுது நான் பாத்ததேயில்லக்கா. நெஜமாவே நல்லா இருந்துதா?"

"ரொம்ப நல்லா இருந்துது ரூபன்" என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கச்சேரி முடிந்த பிறகுதான் சத்யதாஸ் இறந்ததாக ரூபனுக்குச் சொல்லப்பட்டது. கதிரேசன் தன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

மறக்க முடியாத கச்சேரி என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எட்டு மாதம் கழித்து மறுபடியும் ஏற்பாடு செய்தார்கள். ஜனங்கள் ஆளுக்கு இரண்டு கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஹெப்சிபாவை அவளுடைய அண்ணன் அருளானந்தம் காரில் கொண்டுவந்து விட்டார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர். உள்ளே வந்து உட்காரத் தெம்பில்லாமல் காரிலேயே சாய்ந்துகொண்டார்.

இந்த முறை அவள் கேட்டாள். இரண்டாம் பகுதியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, கிட்டார் தனியாக நின்றது. கிட்டாரின் ஒலி வயலினைப் போல நீளாது. பிறந்ததுமே சாகத் தொடங்கிவிடும். ரூபன் ஒவ்வொரு சுரமும் முழுக்க அடங்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததை மீட்டினான். நரம்பில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. வீட்டைப் பெருக்கிக் கதவைத் திறந்துவைத்த மாதிரி அவளுக்குள் ஒரு தெளிவு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அந்தத் தெளிவு ஆயிரத்து இருநூறு பேருக்கும் போய்ச் சேரத்தான் செய்தது. ஆனால் அவர்கள் வாங்க வந்தது அதுவல்ல.

"என்னங்க, அழுகையே வரல?"

"பட்டை ரிப்பேர் போல."

நெற்றியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்தார், பின்னாலேயே நாலு பேர் எழுந்து கேன்டீன் பக்கம் நடந்தார்கள். ரூபன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் செத்துப்போனதை ஹெப்சிபா கண்டாள். சத்யதாஸின் குரலை ஒரு நிமிஷம் நினைத்தால் போதும், அரங்கமே அழுதுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாக இருந்தது.

ஒப்பனை அறையில் ரூபன் கிட்டாரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். "எங்க தப்பு பண்ணேன்? சொல்லுங்கக்கா."

இனி மறைக்க அவளால் முடியவில்லை. துண்டுச் சீட்டை, இட்லியை, எல்லாவற்றையும் சொன்னாள். கதிரேசன் கதவோரம் தலைகுனிந்து நின்றார். "அன்னிக்கு நான் கேக்கவே இல்ல ரூபன். இன்னிக்குத்தான் கேட்டேன்."

"இன்னிக்கு எப்படி இருந்துது?"

"ரொம்ப நல்லா இருந்துது."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவன் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். கதிரேசன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "மார்ச்ல ஒரு தேதி காலியா இருக்கு சார். ஆனா இன்னிக்கு மாதிரி ஆச்சுன்னா கமிட்டி ஒத்துக்க மாட்டாங்க."

ரூபன் ஜன்னல் வழியே பார்த்தான். கீழே காரில் அருளானந்தம் கண்மூடிக் கிடந்தார். பிளாஸ்திரி ஒட்டிய கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ரூபன் வெகுநேரம் பார்த்தான்.

"அருளண்ணனுக்கு உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்றான், பார்வையைத் திருப்பாமல். "எத்தனை மாசம் தாங்கும்னு டாக்டர் சொல்றாங்க?"

ஹெப்சிபா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதிரேசன் டைரியில் மார்ச் பக்கத்தை விரித்து, பேனாவைத் திறந்து, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.