மூன்றாவது ஹோடி

"யோவ்! கண்ணு இன்னா முதுகுலயா இருக்குது?"

குரல் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சைக்கிள் ஒரு பக்கம், இளங்கோவன் ஒரு பக்கம். நடுவே, தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த அரக்கு நிறப் பட்டுப் பாவில் கொத்தாக இழைகள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன.

பிள்ளையார்பாளையத்தில் விடிந்தால் தெருவில் பாவு இருக்கும் என்பது தவழுகிற குழந்தைக்கும் தெரியும். மாட்டுவண்டிக்காரன்கூட அடுத்த தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போவான். இளங்கோவனோ இரண்டு தெரு தள்ளி, தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். கடல் தாண்டித் தாருஸ்ஸலாமில் மூன்று வருஷம் காலேஜ் படித்துவிட்டு முந்தாநாள்தான் லீவுக்கு வந்திருந்தான். தெருவைப் பார்க்காமல் ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தான்... அதன் பலன் இது.

நிமிர்ந்தான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கோபத்தில் அந்தக் கண்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. மை தீட்டவில்லை. தேவையும் இல்லை... சிராய்த்த முழங்கையில் ரத்தம் வருவதே அவனுக்கு மறந்துபோனது.

"தெரியாம வந்துட்டேங்க..."

"எந்த ஊரு?"

"இதே ஊருதாங்க. இந்திராணியம்மா பையன்."

"தறிக்காரர் வூட்டுப் புள்ளையா!" அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெளியூர்க்காரன்னா மன்னிச்சிருப்பேன்."

அவளுடைய அப்பா மாணிக்கவாசகம் அறுந்த இழைகளைத் தூக்கிப் பார்த்தார். "அம்சவேணி, கத்தாதமா. தம்பி, இந்தத் தெரு வழக்கம் தெரியுமில்ல? அறுத்தவன்தான் பிணைக்கணும்."

இளங்கோவன் மறுபேச்சுப் பேசாமல் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் இழை விரலில் வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. எதிரே உட்கார்ந்திருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிக்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாவது இழையில் கை பழைய பழக்கத்தைக் கண்டுபிடித்தது.

அப்போதுதான் அந்த வைகாசி மழைக்கு வேளை வந்தது. ஒரு துளி... இன்னொரு துளி... "பாவு! பாவு!" என்று தெருவே கூவியது. வீட்டுக்கு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். இளங்கோவன் ஒரு முனையைத் தூக்கினான், அவள் மறுமுனையைத் தூக்கினாள். இருவரும் சுருட்டிக்கொண்டே நெருங்கி வந்து, நடுவில் மூச்சு வாங்க நின்றபோது இரண்டு பேர் விரல்களும் ஒரே பட்டுக்குள் இருந்தன. அவள் நெற்றியில் ஒரு மழைத்துளி... புருவத்தில் நின்று யோசித்து... கன்னத்தில் இறங்கியது.

சரிதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான் இளங்கோவன்.

மீதி இழைகளைப் பிணைக்கத் தினமும் காலையில் அவள் வீட்டுக்கு வந்தான். அறுந்தது என்னவோ கொஞ்சம்தான். பிணைக்க ஒரு வாரம் பிடித்தது. அது ஏன் என்று மாணிக்கவாசகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லவும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது.

"அங்க சாப்பாடு எப்படி?" என்று அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"மக்காச்சோள மாவுல களி. வெள்ளையா இருக்கும், உகாளின்னு பேரு. எங்கம்மா குடுத்தனுப்புன மாங்கா ஊறுகாய ஒரு மாசம் வெச்சிக்கலாம்னு நினைச்சேன். என் ரூமுல இருக்கறவன் ஸ்பூனாலயே ஒரே நாள்ல காலி பண்ணிட்டான்."

"பாவம், காரம்?"

"கண்ணுல தண்ணி ஊத்துது... அப்பவும் உடல."

லீவு விட்டால் மாணவர்கள் கூட்டமாக லாரி ஏறிக் கடலோரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போவதைச் சொன்னான். சம்பளம் கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. பகலில் பள்ளிக்கூடம் கட்ட மண்கல் அறுப்பார்கள். சாயந்தரம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கூரை போடாததால் வகுப்பெல்லாம் மாமரத்தடியில்.

"மாமரத்தடியிலயா? எங்க ஏகாம்பரநாதரு அங்கயும் வந்துட்டாரா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் ஜும்மாவின் கதையையும் சொன்னான். ஜும்மா மீன் பிடிக்கிறவர். தலை நரைத்த பிறகு தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். கற்ற சந்தோஷத்தில் படகில் எழுதினார், கதவில் எழுதினார், பெண்டாட்டியின் புதுத் தண்ணீர்ப் பானையிலும் எழுதிவிட்டார். அந்த அம்மாள் பானையைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரிடமே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"உங்களயா திட்டுனாங்க?"

"அவங்க கிட்ட நான் வாங்குன ரெண்டாவது திட்டு அது. முத நாளே தண்ணி கேக்கறேன்னு அவங்க வூட்டுக்குள்ள நேரா நுழைஞ்சிட்டேன். அகப்பைய தூக்கிக்கினு தொரத்துனாங்க. அங்க வாசல்ல நின்னு 'ஹோடி'ன்னு கூப்பிடணும். உள்ள இருந்து 'கரிபு'ன்னு சொல்லணும். வாங்கன்னு அர்த்தம். சொன்னாதான் நுழையலாம். மூணு வாட்டி கூப்பிட்டும் பதில் வரலன்னா, கோச்சிக்காம திரும்பிடணும்."

"நல்ல பழக்கம்தான்" என்றாள் அம்சவேணி. ஹோடி... கரிபு... உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

கடைசி இழையும் ஒருநாள் முடிந்தது. மறுநாள் வர அவனுக்குச் சாக்கு இல்லை. அடுத்த ஞாயிறு பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து கப்பல். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் நல்ல பிள்ளையாக அம்மாவிடம் சொன்னான்.

இந்திராணியம்மாள் பூரித்துப்போனாள். வெள்ளிக்கிழமையே தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். மாணிக்கவாசகத்துக்குக் கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? "வர்ற வருஷம் படிப்பு முடிஞ்சதும் வெச்சிக்கலாம்மா" என்றார். வெற்றிலையில் கை வைக்கப்போன நேரம் உள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு இஷ்டமில்லப்பா."

தட்டு அப்படியே திரும்பி வந்தது. இளங்கோவனுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்குத்தான் பைத்தியமா? அந்தச் சிரிப்பெல்லாம் சும்மாவா? மறுநாள் கச்சபேஸ்வரர் கோயில் வாசல் பூக்கடையில் அவளைப் பார்த்துவிட்டான்.

"என்னப் புடிக்கலயா?"

அவள் பூவை வாங்கினாள். மெதுவாகத் திரும்பினாள். கண்களில் முதல் நாள் கோபம், ஆனால் இந்தத் தடவை அது ஈரமாக இருந்தது.

"எங்கப்பாவ கேட்டீங்க. உங்கம்மாவ கேட்டீங்க. ஜோசியரயும் கேட்டிருப்பீங்க. என்ன யாரு கேட்டா?"

"அது... வழக்கமா பெரியவங்கதான..."

"வழக்கம்தான். வேற யாரு வந்து கேட்டிருந்தாலும் தலைய ஆட்டியிருப்பேன். நீங்க கேட்டதாலதான் மனசு ஆறல." குரல் உடைந்தது. "கடல் தாண்டி, யாரோ ஒரு மீன்காரர் வூட்டு வாசல்ல நின்னு கூப்பிடத் தெரியுது. எங்க வூட்டுல மட்டும் நேரா உள்ள நுழைஞ்சிடுவீங்களா?"

போய்விட்டாள். இளங்கோவன் பூக்கடை எதிரிலேயே நின்றான். பாவுக்குள் ஒரு தடவை, ஜும்மா வீட்டுக்குள் ஒரு தடவை, இப்போது மூன்றாவது தடவை... கேட்காமல் நுழைவதே தனக்குப் பிழைப்பாகப் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில் சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்தது. நீங்க கேட்டதாலதான் என்றாளே!

அன்று சாயந்தரம் நல்ல மழை. மறுநாள் ரயில். குடைகூட எடுக்காமல் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. சேலைக் கரையைத் தனியாகக் கோர்த்து நெய்யும் கோர்வைத் தறி அது. அப்பா ஒரு பக்கம் நூல் சுற்றிய நாடாவை எறிந்தால், கரை நாடாவை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவள் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

"தம்பியா?" என்றார் மாணிக்கவாசகம். "இன்னாபா இது, நனைஞ்சிக்கினு? உள்ள வாபா."

"இல்லீங்க. கூப்பிடாம வரமாட்டேன்."

"நான்தான் கூப்பிடறேனே!"

இளங்கோவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஹோடி!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தறி ஓடிக்கொண்டேயிருந்தது.

"ஹோடி..."

தறி நின்றது. அவள் கை நிற்காமல் அந்தத் தறி நிற்காது...

"இது இன்னாமா பாஷ?" என்று மாணிக்கவாசகம் மகளைக் கேட்பது காதில் விழுந்தது.

மூன்றாவது தடவை சத்தமே எழும்பவில்லை. "ஹோடி... வேணி" என்றான்.

மழை பெய்தது. பதில் வரவில்லை. அந்த ஊர் முறைப்படி கோபித்துக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். திரும்பினான். கண்ணில் வழிந்தது மழையா, வேறா என்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"கரிபு!"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அம்சவேணி நின்றாள். மூச்சு வாங்கியது. தறிக் கால் தடுக்கியதில் சேலை ஓரம் கிழிந்திருந்தது.

"அதுக்குள்ள திரும்பிடறதா? தறியவுட்டு எழுந்து நடந்து வர்ற நேரம் வேணாமா?"

"மூணு வாட்டின்னு..."

"நாலாவது வாட்டி கூப்பிட்டா அகப்பைய தூக்கிக்கினா வரப்போறேன்?"

அவன் வாசற்படிக்குக் கீழேயே நின்றான். ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு ஒருவழியாக விடுபட்டது. "எனக்கு உன்ன ரொம்பப் புடிச்சிருக்குது, வேணி. பாவுல விழுந்த அன்னிக்கே புடிச்சிருச்சு. இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்குது, அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் போடணும். அதுக்கப்புறமும் வருஷா வருஷம் போகத்தான் ஆசை. என்னோட வருவியா? மாட்டேன்னாலும் சொல்லு. கோச்சிக்க மாட்டேன்."

அந்தப் பெரிய கண்கள் நிறைந்தன. நிறைந்தபடியே சிரித்தன.

"ஒரு கண்டிஷன். ஜும்மா பொண்டாட்டிக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக் குடுப்பேன்."

"எதுக்கு?"

"அவரு துடுப்புல எல்லாம் அந்தம்மா தன் பேர எழுதணும். பானைக்குப் பதிலா."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எதிர்வீட்டு ஜன்னலும் சிரித்தது.

"வர்ற வைகாசி வரைக்கும்..." என்று இழுத்தான்.

"காத்துக்கினு இருப்பேன்." இந்தத் தடவை அவள் குரல் தணிந்திருந்தது. "எனக்கும் அன்னிக்கே புடிச்சிருச்சு. இல்லன்னா அந்த நாலு இழைய ஒரு வாரம் பிணைக்க உடுவேனா?"

உள்ளே இருந்து மாணிக்கவாசகம் பொறுமையிழந்து கத்தினார். "அடியே, பேச்சு அப்பறம்! புள்ள நனையுதுடி. மொதல்ல உள்ள கூப்புடு!"

"கூப்பிட்டாச்சுப்பா" என்றாள் அம்சவேணி, அவனைப் பார்த்துக்கொண்டே.

இளங்கோவன் காலைத் துடைத்துக்கொண்டு வாசற்படி ஏறினான்.