நகலெடுக்காமல் விட்ட அண்ணி

அவள் ‘அண்ணி’ என்றழைக்கும் மூத்த நாத்தனார் அவளை “நீங்க” என்று கூப்பிட்டாள். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

“தேநீர் வேணுமா? நீங்க சொன்னா போடுறேன்.”

“என்ன அண்ணி, வெயில் தலைக்கேறிடுச்சா? ‘மகாராணிக்குக் கை இல்லையா’ன்னுதானே கேப்பீங்க?”

“மன்னிக்கணும். புரியல.”

அவள் கணினியைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துப் பிழைப்பவள் அவள். இடக்கைக்குத் தோதாக மாற்றிய மவுஸ், நூற்றுச் சொச்சம் விசைப்பலகைக் குறுக்குவழிகள், தேடிப்பிடித்த எழுத்துருக்கள் என்று ஆண்டுக்கணக்கில் இழைத்து வைத்ததெல்லாம் போய்விடக் கூடாதே என்று, காலையில் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன் ஒவ்வொன்றையும் பென்டிரைவில் நகலெடுத்திருந்தாள். மயிரிழை பிசகாமல் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் தன் கணக்கை மட்டும்தான் எடுத்திருந்தாள். அதே கணினியில் நாத்தனாருக்கும் ஒரு கணக்கு இருந்தது. சீட்டு விளையாடத்தானே என்று விட்டுவிட்டாள்.

நாத்தனாரிடம் தைல வாடை இல்லை, வியர்வை வாடை இல்லை. புதிதாகப் பிரித்த அட்டைப்பெட்டியின் வாடைதான் அடித்தது. மேசைக்கடியில் கணினியின் விசிறி இழுப்புக்காரரைப் போல இழுத்து இழுத்து ஓடியது. அது நின்றபோது நாத்தனாரின் மார்பும் அசையாமல் நின்றது.

திரையில் ஒரு கட்டம் எழுந்தது: ‘புதுப்பிக்குமுன் இருந்த கணக்குகளின் பழைய கோப்புறை ஐந்து நிமிடத்தில் நீக்கப்படும். சரியா?’

“சரின்னு சொல்லுங்க. இடம் மிச்சமாகும்.”

“தலையே போனாலும் சொல்ல மாட்டேன்.”

“நான் உங்களைத் திட்டுறதே இல்லையே.”

“திட்டு வாங்கிப் பழகின காது இது. என்னை நல்லா நடத்த நீ யாருடி?”

பழைய கோப்புறையைத் திறந்தாள். நாத்தனாரின் கணக்கு. இருந்தது. இழுத்தாள். புதிய கணக்கின்மேல் விட்டாள். ‘அனுமதி இல்லை.’ மறுபடி. ‘அனுமதி இல்லை.’

“உன் அனுமதியை எவ கேட்டா?”

மறுபடி. தோளில் ஒரு கை. சூடும் இல்லை. குளிரும் இல்லை. உதறினாள். மறுபடி.

ஏறியது.

“அடியே மகாராணி!”

குரல் வந்துவிட்டது. சிரித்தபடி திரும்பினாள். நாத்தனாரும் சிரித்தபடிதான் நின்றாள். உதடு பிரியவில்லை. இறுகிய பற்களுக்குப் பின்னாலிருந்து அதே குரல்:

“மூச்சு முட்டுதுடி! திற!”

“இதோ அண்ணி.”

அந்தத் தாடையில் இரண்டு கட்டைவிரல்களையும் கொடுத்து நெம்பினாள். மேலே கண்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளிருந்து நான்கு விரல்கள் வெளியே நீண்டு, கீழ்ப்பல் வரிசையைப் பற்றிக்கொண்டன.