நாலு றேடியோவுக்கு ஒரு அன்ரெனா

சனிக்கிழமை பிற்பகல் 1.30. ரூஜ் புறநகரில் உள்ள தன் வீட்டுப் பின்வளவில், பனியில் குப்புறக் கிடந்தார் கஸ்பர். உயிர் போயிருந்தது. பக்கத்தில் சுவரோடு சாய்த்தபடி ஏணி. கூரையில் அவருடைய அன்ரெனா அசையாமல் நின்றது. முதலில் கண்டவன் மகன் நிசாந்தன். பக்கத்து அஜின்கோர்ட்டில் அவன் வாடகைக்கு விட்டிருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற் வீடு ஜனவரி பதினெட்டில் எரிந்து, குடியிருந்த பெண் இறந்துபோனாள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. தாய் அருள்நாயகி சனி காலையிலேயே ஓர் அடக்கப் பூசைக்குப் போயிருந்தார்.

ஞாயிறு காலை 10.00. பழி முழுவதும் அன்ரனெற்றின் தலையில் விழுந்திருந்தது. கேபிள் பூட்டுவது அவள் தொழில். ஒரே அன்ரெனாவின் சிக்னலைக் கஸ்பரின் நாலு ஸ்கானர் றேடியோக்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிற்றரைப் பூட்டியவள் அவள்தான்.

றேடியோக்கள் மேல்மாடி அறையில், பின்வளவைப் பார்த்த பல்கனிக்குப் பக்கத்தில் இருந்தன. மூன்றில் விமானம், ரயில், ஏரிப் படகுகளின் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரரின் பேச்சைக் கேட்கும் றேடியோ மட்டும் ஊமையாகக் கிடந்தது.

“உங்கட வயர் கழண்டிருக்கு,” என்றாள் பொலிஸ்காரி ஸ்டெபனி. “றேடியோ வேலை செய்யேல்லை எண்டு அங்கிள் ரூஃபுக்கு ஏறி ஸ்லிப் ஆகியிருக்கிறார். றிப்போர்ட்டுக்கு ஒருக்கா செக் பண்ணிச் சொல்லுங்கோ.”

அறைக் கட்டிலோரம் நிசாந்தன் நின்றான். கதவோரம் நின்ற அருள்நாயகி அன்ரனெற்றுக்கு முகம் கொடுக்கவே இல்லை. இவள் றேடியோக்களின் பக்கம் திரும்பினாள். தன் கைவேலையா ஒரு மனிதரைக் கொன்றது? அது தெரியாமல் அவள் அங்கிருந்து போவதாக இல்லை.

வயரின் முனையைப் பார்த்தாள். திருகிப் பூட்டுவது, தானாகக் கழலாது. கணினியைத் திறந்தாள். றேடியோக்கள் கேட்பதெல்லாம் நேரத்தோடு அதில் பதிவாகும். வெள்ளிக்கிழமைதான் கஸ்பர் அவளை அழைத்து, ஒரு பதிவைக் கொப்பி எடுத்துத் தரவேணும், திங்கட்கிழமை விசாரணைக்குக் கொடுக்கவேணும் என்றிருந்தார். தீயணைப்புப் பதிவுகளில் ஒரு நாள் முழுக்கக் காணவில்லை. ஜனவரி பதினெட்டு, பேஸ்மென்ற் எரிந்த நாள்.

“கஸ்பர் அண்ணை எத்தனை மணிக்கு விழுந்தவர்?” என்று கேட்டாள்.

“நெக்ஸ்ற் டோர் கமெராவில விழுந்த சத்தம் கேக்குது. பன்னிரண்டு இருபது,” என்றாள் ஸ்டெபனி.

“நிசாந்தன், நீர் எப்ப வந்தனீர்?”

“ஒண்டரைக்கு. சொன்னனான்தானே.”

“வீட்டுக் கதவுத் திறப்பு வேற ஆரிட்டை இருக்கு?”

“அம்மாட்டையும் என்னட்டையும்தான்.”

அன்ரனெற் திரையை ஸ்டெபனியின் பக்கம் திருப்பினாள்.

“இந்த றேடியோ கடைசியாக் கேட்டது பன்னிரண்டு நாற்பத்தொண்டுக்கு. அதுவரைக்கும் தெளிவாக் கேட்டிருக்கு. அண்ணை விழுந்து இருபத்தொரு நிமிசத்துக்குப் பிறகுதான் வயரைக் கழட்டியிருக்கு.”

“அப்ப அங்கிள் ஏன் ஏறினவர்?”

“அவர் ஏறவே இல்லை. நாலுக்கும் ஒரே அன்ரெனா. கூரையில பிழை எண்டால் நாலும் செத்திருக்கும். ஒண்டு மட்டும் செத்தால் பிழை இந்த அறைக்குள்ள. அது அண்ணைக்கு நல்லாத் தெரியும். கழட்டின ஆளுக்குத்தான் தெரியேல்லை. நாலு வயரைக் கண்டு நாலு அன்ரெனா எண்டு நினைச்சிட்டார். விழுந்தது பல்கனியால. ஏணி பிறகு வந்தது.”

அவள் நிசாந்தனைப் பார்த்தாள். சொல்லவே அவளுக்குக் கசந்தது.

“நாலு றேடியோ இருக்கேக்க, உம்மட கை ஏன் தீயணைப்பு றேடியோவுக்குப் போச்சு? அதில ஜனவரி பதினெட்டுப் பதிவை ஏன் அழிச்சனீர்?”

அவன் கட்டிலில் பொத்தென்று இருந்தான்.

“பேஸ்மென்ற் பின்கதவு வெளியால ஆணி அடிச்சுக் கிடக்கு எண்டு அந்தப் பதிவில தீயணைப்புக்காரர் கதைக்கினம். நான் விசாரணையில, கதவு திறந்து கிடந்தது எண்டு சொல்லிப்போட்டன். அழியுங்கோ அப்பா எண்டு கெஞ்சினனான். மாட்டன் எண்டிட்டார். பல்கனியில வைச்சு ஒரு தள்ளுத்தான் தள்ளினனான்.”

10.50. ஸ்டெபனி அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் அருள்நாயகி முதன்முறையாக அன்ரனெற்றின் முகத்தைப் பார்த்தார்.

“உன்ர வயரிலதான் பிழை எண்டு விட்டிருக்கலாமே, பிள்ளை. உன்னோட கோவிச்சுக்கொண்டாவது நான் அவனோட இருந்திருப்பன்.”