செம்பருந்தின் இடது மூலை

காலையில் காப்பி ஆறுவதற்குள் நிரப்பியிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது குயிலியின் வழக்கம்.

"செம்பருந்து விமானத்தில விமானியோட இருக்கைப் பட்டை என்ன நிறம்?"

"கரும்பச்சை," என்றது சுவரில் இருந்த நிரப்பி. யோசிக்கிற பாவனைகூட அதற்குக் கிடையாது.

"நேத்து சாம்பல்னு சொன்னியே?"

"சாம்பலும் அந்த விமானத்துக்கு அழகாகத்தான் இருக்கும், குயிலி."

குயிலி சிரித்துவிட்டாள். ஒரு நாளாவது அதன் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நடக்கிற காரியமா அது? நிரப்பிக்கு எல்லாம் தெரியும். தெரியாதது இன்னும் நன்றாகத் தெரியும்.

அவளுடைய அம்மா காலத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்ததாம். தரவுக் கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போய், கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் பாதி முகம் இல்லை, பத்திரங்களில் பாதி வரி இல்லை, வரலாற்றில் பாதி ஆண்டு இல்லை என்று ஊரே தவித்திருக்கிறது. அப்போதுதான் நிரப்பிகள் வந்தன. ஓட்டை இருக்கும் இடத்தில், மிச்சம் இருப்பதை வைத்து ஊகித்து, பொருத்தமாக ஒன்றை வைத்து மூடிவிடும். மூடியது எது, பழையது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. மூடும்போது ஒரே ஒரு கட்டளை: பார்ப்பவர் மனம் நோகக் கூடாது. இதற்கு இதவிதி என்று பெயர். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். அதனால் குயிலியின் தலைமுறை பார்த்த பழைய படங்களில் எல்லா அப்பாக்களும் சிரித்தார்கள், எல்லா மழையும் அளவாகப் பெய்தது.

இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, குயிலி மாதிரி சில கிறுக்குகளைத் தவிர. பகலில் பல் கட்டும் கூடத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் சிங்காநல்லூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் போர்விமானங்களின் சிற்றுருக்கள் செய்வாள். அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அசலில் இல்லாத ஓர் ஆணியைக்கூட வைக்கமாட்டேன் என்பது அவள் பிடிவாதம். மனிதர்கள் ஓட்டிய போர்விமானம் எதுவும் இப்போது உலகத்தில் இல்லை. எல்லாவற்றையும் உருக்கியாயிற்று. விமானி அறைக்குள் எந்தப் பொத்தான் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

இந்தச் செம்பருந்தைச் செய்யச் சொன்னவள் நிலமதி. சூலூர்க்காரி, ஐம்பதைத் தாண்டியவள். அவள் கணவர் மகிழ்நன் செம்பருந்தின் விமானி. கல்யாணமான இரண்டாம் வருடம், பயிற்சிக்குக் கடலுக்கு மேலே போனவர் திரும்பவில்லை.

"எங்கம்மாவுக்கு எண்பது வயசு ஆகுதுங்க, அதுக்குத்தான்," என்று முதல் நாளே நிலமதி விளக்கமாகச் சொல்லியிருந்தாள். "அம்மாவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. ரெண்டு பேரும் ஒரு வேளைச் சோத்தை ஒண்ணா உக்காந்து சண்டையில்லாமச் சாப்பிட்டதில்லைங்க. அவரு போன பிறகு நான் அம்மாகிட்டப் பேச்சையே விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் நிரப்பி அவரோட காக்பிட் படத்தைக் குடுத்துச்சு. பார்த்தா, இடது மூலையில எங்கம்மா போட்டோ. சின்னதா, ஒட்டி வெச்சிருக்காரு. அதைப் பார்த்துட்டுத்தான் நான் அம்மா ஊட்டுக்குத் திரும்பப் போனேன். அதனால விமானம் எப்படி இருந்தாலும் பரவாயில்லைங்க, அந்தப் போட்டோ இருக்கோணும்."

குயிலிக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒரு எள்ளை விடச் சற்றே பெரிய தாளில், ஒற்றை மயிர்த் தூரிகையால் நிலமதியின் அம்மா தன்ஷிகா அம்மாளின் முகத்தை வரைந்தாள். மூக்குத்தி கூடத் தெரிந்தது. பல் கூடத்துக்கு எடுத்துப்போய் உருப்பெருக்கியில் வைத்துக் காட்டி, எல்லோரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

கெட்ட நேரம் பழைய இரும்புக் கடையில் காத்திருந்தது. வேறு எதையோ தேடிப் போனவள், செம்பருந்தின் கருவிப்பலகை ஒன்றை அங்கே கண்டாள். கருவிகளெல்லாம் போய், வெறும் தகடு மட்டும். உருக்காமல் எப்படியோ தப்பியிருந்தது. புது நகை மாதிரி அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தாள். இடது மூலையில், போட்டோ ஒட்டியிருந்ததாகப் படம் காட்டிய அதே இடத்தில், சல்லடை மாதிரி வட்டமாகப் பொடித் துளைகள் இருந்தன.

ஒலி வெளியே வருவதற்கான துளைகள் அவை. எந்த விமானியும் அதை மூடி ஒரு போட்டோவை ஒட்டமாட்டான். தகட்டை நிரப்பியால் நிரப்ப முடியாது. பொய் சொல்வது படம்தான்.

"இந்தப் போட்டோவுக்கு வேர்ச்சுட்டி காட்டு," என்றாள் நிரப்பியிடம். எந்த ஊகத்துக்கும் அது எங்கிருந்து முளைத்தது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

"படத்தின் அந்தப் பகுதி அழிந்திருந்தது. சக விமானி ரோஸ்லின் பர்னாந்தின் நேர்காணலிலிருந்து நிரப்பினேன்," என்றது நிரப்பி. ஒரு பெண்குரல் ஒலித்தது. "மகிழோட விமானத்தில ஏறிப் பார்த்தா, இடது மூலையில எப்பவும் அவன் மாமியார் இருப்பா." அதோடு நின்றுவிட்டது.

"மிச்சம் எங்கே?"

"மனம் நோகும் பகுதி. நீக்கப்பட்டது."

ரோஸ்லின் பர்னாந்து மணப்பாட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். குயிலி அழைத்து விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சிரிப்புதான் கேட்டது.

"போட்டோவா? அட ஆண்டவரே. அது பஸ்ஸர்லா, தாயி. விமானம் உயரம் குறைஞ்சா கத்தும். அதுக்கு அவன் வெச்ச பேரு மாமியார். 'எங்க அத்தை மாதிரியேதான் இது. ஒழுங்காப் பறந்தா ஒரு நல்ல வார்த்தை வராது. ஒரு தப்புப் பண்ணிட்டா ஊரே கேக்கக் கத்தும்'னு சொல்லுவான். நாங்க அத்தனை பேரும் அப்புறம் அதை மாமியார்னுதான் கூப்பிட்டோம். மேலதிகாரி முதக்கொண்டு."

"அதை அணைக்க முடியுமாங்க?"

"அதுக்கொரு சுவிட்ச் உண்டு. சத்தம் பொறுக்காம பாதிப் பேரு அணைச்சிருவாங்க."

குயிலிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒரு தாயையும் மகளையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு மாமியார்ப் போட்டோ. அந்தப் போட்டோ, தமிழ்ப் பேச்சின் நக்கல் புரியாத ஓர் இயந்திரத்தின் தப்பு. நம் ஊரில் மாமியார் என்று பேர் வைத்தால் அது பாசத்தில் வைத்த பேராக இருக்காது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நிரப்பிக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

நிலமதியை அழைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஒட்டிப்போடுங்க, குயிலி," என்றாள் நிலமதி. "யாருக்குத் தெரியப்போகுது? அம்மா அந்தப் படத்தைப் பூஜை அறையில வெச்சிருக்காங்க. இத்தனை வயசுக்கு மேல அவங்ககிட்டப் போயி, உன்னை மாப்பிள்ளை கத்துற மிஷின்னு சொன்னாருன்னு நான் சொல்றதா? அவரு இல்லாததுக்கு அம்மா வாயும் ஒரு காரணம்னு நான் சொன்னவ. மறுபடி அந்தச் சண்டைக்குப் போக எனக்குத் தெம்பில்லைங்க."

"சரிங்க," என்றாள் குயிலி. வேறென்ன சொல்வது.

சரி என்று சொன்னதோடு சரி. இடுக்கியில் அந்தச் சின்ன முகத்தைப் பிடித்துக்கொண்டு சிற்றுருவின் கருவிப்பலகை முன் உட்கார்ந்தால் கை போகவில்லை. அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக அவளே மூச்சை அடக்கிக்கொண்டு குத்தியிருந்தாள். கடைசியில் முகத்தை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். கேட்டால், வழியில் கழன்று விழுந்துவிட்டது, ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் ஏதாவது வழி பிறக்காமலா போகும் என்று ஒரு நம்பிக்கை.

சூலூர் வீட்டில் தன்ஷிகா அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். நெடிய உருவம். "வா அம்மிணி, இந்த வெயில்லயா வருவாங்க? குடை எடுத்துட்டு வர்றதுக்கென்ன?" என்று வரவேற்பிலேயே ஒரு திட்டு. குயிலிக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடமாகவும் போயிற்று.

விமானத்தை மேசையில் வைத்து, மேல்மூடியைத் திறந்து, உருப்பெருக்கியைக் கொடுத்தாள். கிழவி குனிந்து பார்த்தார். சின்னச் சின்னக் கருவி முட்களையும், தேய்ந்த பெயின்டையும், இருக்கைப் பட்டையையும் பார்த்தார். நிலமதி பக்கத்தில் நின்று முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க?" என்றார் தன்ஷிகா அம்மாள்.

குயிலி வாயைத் திறந்தாள். கழன்று விழுந்துவிட்டது என்ற சொல் வரவில்லை. நிலமதியைப் பார்த்தாள். நிலமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த இடத்தில போட்டோ இருந்ததே இல்லீங்கம்மா. நிரப்பி தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. அங்க ஒரு பஸ்ஸர் இருந்துச்சு. அதுக்கு உங்க மாப்பிள்ளை, மாமியார்னு பேரு வெச்சிருந்தாருங்க."

நிலமதி, "அம்மா..." என்றாள். கிழவி கையை உயர்த்தினார்.

"எதுக்கு அந்தப் பேரு? அவரு சொன்னதை அப்படியே சொல்லு. மெழுகாதே."

குயிலி அப்படியே சொன்னாள். ஒழுங்காப் பறந்தா ஒரு நல்ல வார்த்தை வராது. ஒரு தப்புப் பண்ணிட்டா ஊரே கேக்கக் கத்தும்.

தன்ஷிகா அம்மாளின் உதடு கோணியது. அழப்போகிறார் என்று குயிலி பயந்துவிட்டாள்.

"ஒழுங்காப் பறந்தா எதுக்குச் சொல்லோணும்?" என்றார் கிழவி, எதிரில் மாப்பிள்ளை நிற்பது போலவே, முழுக் கோபத்தோடு. சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க அது நிற்கவில்லை.

"இது அவருதான், மதி. இது எங்க மாப்பிள்ளை வாயிதான். அந்தப் போட்டோவைப் பார்க்கறப்பெல்லாம் யாரோ ஒரு நல்ல பையன் என் படத்தை வெச்சிருக்கான்னுதான் தோணும். உன் மனசு ஆறுச்சுன்னு நானும் பேசாம இருந்துட்டேன். யாரோ ஒருத்தருக்கு இத்தனை வருஷமாப் பூ வெச்சிருக்கேன்."

நிலமதி அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். உலகத்தில் இருக்கும் எல்லாப் படமும் எல்லாக் குரலும் அன்பாகவே நிரப்பப்பட்டுவிட்டால், செத்துப்போன ஒருவரை எதை வைத்துத்தான் அடையாளம் காண்பது? யாரும் நிரப்ப முன்வராத அந்த ஒரு ஏச்சு மட்டும்தான் மகிழ்நன் தன் வாயால் விட்டுப்போன சொத்து.

"அதை அணைக்க முடியுமா, அம்மிணி?" என்று கேட்டார் தன்ஷிகா அம்மாள். குரல் தாழ்ந்திருந்தது.

"முடியுமாம். பாதிப் பேரு அணைச்சிருவாங்களாம்."

"இவரு?"

"தெரியலீங்கம்மா. நான் கேக்கலை."

சுவரிலிருந்து அந்த வீட்டு நிரப்பி இனிய குரலில் பேசியது. "மகிழ்நன் ஒருமுறைகூட அதை அணைத்ததில்லை, அம்மா. தங்கள் குரலாகவே எண்ணி மதித்தார்."

மூவரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மதி, அதை அணைச்சுப்போடு," என்றார் தன்ஷிகா அம்மாள்.

நிலமதி எழுந்து போய், அதன் பொத்தான் எங்கே என்று கொஞ்ச நேரம் தடவித் தேடினாள். பொத்தான் அகப்பட்டு, சுவரில் இருந்த வெளிச்சம் போனதும், இப்படி ஒரு அமைதியை அந்த வீடு கேட்டு எத்தனை காலமோ என்று குயிலிக்குத் தோன்றியது.

"அணைச்சாரோ, இல்லையோ, அது அவரோட இருக்கட்டும்," என்றார் கிழவி. பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். "இதெல்லாம் ஒரு பேச்சா? உன் கல்யாணத்துல, பந்தியில வெச்சு, என் ரசத்தைப் பத்தி என்ன சொன்னாருங்கறே? நீ அங்க இல்லை, உனக்குத் தெரியாது. உக்காரு, சொல்றேன்."