ஒரு சொட்டு வந்தால் போதும்

பதினோரு மணிக்குப் பார்த்த அதே கோட்டில்தான் இருந்தது. நாற்பது மில்லி. இப்போது மணி நான்கு. கணவனின் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பைக்கு முன்னால் அவள் குந்தியிருந்தாள். மேலே, நேற்று புது வால்வு வைத்த இதயம் திரையில் பச்சை முகடுகளாக ஒழுங்காய் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து நெடி, மூச்சுக் கருவியின் சீறல், எங்கோ ஒரு தள்ளுவண்டியின் கிறீச்சல், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சொட்டு விழும் சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்படி உத்துப் பாத்தா பொங்கி வர்றதுக்கு அது என்ன பாலா?" என்றாள் நர்ஸ்.

"வந்துடும்ல சிஸ்டர்?"

"ஹார்ட்டு நல்லாத்தான் இருக்கு. கிட்னிதான் முரண்டு பிடிக்குது. டாக்டர் மறுபடியும் கேக்கச் சொன்னாரு. ஆபரேஷனுக்கு முன்னாடி வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லையே."

மூன்றாவது முறை. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு முட்டி வலியில் அவன் கெஞ்சினான். "ரெண்டு மாத்திரைல என்னடி ஆயிடப் போகுது?" இரண்டு கொடுத்தாள். விடிவதற்குள் இன்னும் இரண்டு. சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

நர்ஸ் நகர்ந்ததும் பையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டாள். "வேற எதுவும் வேணாம். இது மட்டும் வரட்டும்."

சொட்டு.

இன்னொன்று.

"சிஸ்டர்! வருது! வருது!"

குழாய் அவள் விரல்களுக்கிடையே சூடேறியது. அறுபது. நூறு. இருநூறு. சிரிப்பும் அழுகையுமாக எண்ணினாள். சுற்றிலும் செருப்புகள் ஓடின. அலாரம் அலறியது. யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் பையை விடவில்லை.

அலாரத்தை நிறுத்தினார்கள்.

நிமிர்ந்தாள். திரையில் ஒரே நேர்கோடு. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நாலு முப்பத்தெட்டு," என்றார்.

"நாலு மாத்திரை குடுத்தேன் டாக்டர்."

இப்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை. மூச்சுக் கருவியையும் அணைத்தார்கள். அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் கேட்டது.

சொட்டு. சொட்டு.

போர்வையை இழுத்து மூட வந்த நர்ஸ் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. குழாயின் அடைப்பானை மூடினாள். அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

மூடிய குழாய்.

அதன் கீழே, பை புடைத்துக்கொண்டே போனது.