நாலு நாள் சுற்று

செவ்வாயின் நிலவறை நகரில் காற்று குறைந்த வருடம், யாருக்கு எவ்வளவு மூச்சு என்பதை நிரலிதான் முடிவு செய்தது. ஒவ்வொருவரும் நேற்றைவிட ஏறினாரா, இறங்கினாரா என்று பார்த்து நானூறு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் இயந்திரம் அது. அதைப் பராமரித்த கணிதக்காரி பெருந்தேவி. ஒரு காலையில் நிரலி நின்றுபோனது, அவள் கணவன் மாசிலாமணியின் பெயரில்.

அவனுக்குத் தலையில் அடிபட்டதிலிருந்து ஒரு நோய். தினமும் ஒரே அளவு மனம் புரளும்; நடுவில் மனைவியைக்கூட அடையாளம் தெரியாது. நாலு நாள் கழிந்தால், துளியும் பிசகாமல், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவான்.

நகரத் தலைவர் சவரிமுத்துவிடம் அவள் விளக்கினாள். "அவரோட ஒருநாள் மாற்றத்தை ஏற்றம்னு வெச்சா, நாலும் சேர்ந்து பெரிய ஏற்றமா இருக்கணும். ஆனா பழைய ஆளாவே நிக்கிறாரு. இறக்கம்னு வெச்சாலும் இதே முரண்தான். இவரை எந்த வரிசையிலயும் வைக்க முடியாதுங்க ஐயா. வரிசையை விட்டுட்டு, காத்தைச் சமமாப் பிரிச்சுக் கொடுங்க."

சவரிமுத்து யோசித்துவிட்டுக் கேட்டார். "இப்படிச் சுத்தி வர்றவங்க யாருமே இல்லைன்னா வரிசை நிக்குமாம்மா?"

கணக்கில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "நிக்கும்," என்றாள். சொன்ன பிறகே கேள்வி புரிந்தது.

மறுநாள் காவலர்கள் முன்னே நடக்க, காற்றில்லாத வெளிக்குத் திறக்கும் கதவு வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவனுக்கு அது மூன்றாம் நாள். அவள் யாரென்று தெரியாது.

"ரொம்ப அழுதிருக்கீங்க போல. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமாங்க."

"சரியாயிடும்," என்றான்.

நிரலி மீண்டும் ஓடியது. பத்து நாளில் ஒரு குழாய்க்காரரின் பெயரில் நின்றது. அதே வேலை, அதே சோறு, அதே அறை. அவரும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார், பத்து நாளுக்கு ஒருமுறை. நாள் கூடக் கூட நீண்ட சுற்றுகளும் அதற்குத் தெரியத் தொடங்கின. நிறுத்துங்கள் என்று பெருந்தேவி கெஞ்சினாள். சுற்றி வருபவர் வெளியே என்பது தலைவரின் உத்தரவு, உத்தரவு உத்தரவுதான் என்றார்கள் காவலர்கள். இருநூறாம் நாள் நிரலி சவரிமுத்துவின் பெயரில் நின்றது; அந்த உத்தரவை அவருக்கே படித்துக் காட்டினார்கள். பிறகு காவலர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் போனார்கள். கடைசிக் காவலர் தானாகவே போனார்.

மாசிலாமணி போனபின் பெருந்தேவி ஒரு நாளும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தினம் ஒரு படி இறங்கிக்கொண்டே இருந்தாள். அதனால் நிரலி அவளிடம் ஒரு குறையும் காணவில்லை.

'வரிசை முழுமை. முரண் இல்லை,' என்று திரை காட்டியது. நானூறு பேருக்கான காற்று அவள் ஒருத்தியின் மேல் வீசிக்கொண்டிருந்தது.