பதினாலாம் கம்பமும் என் இடது ஷூவும்

என்னை ஓரிடத்தில் உட்காரச் சொல்வதும் அணிலைப் பரீட்சை எழுதச் சொல்வதும் ஒன்றுதான். அணில் எழுதினாலும் எழுதும். பிறகு தாளைத் தின்றுவிடும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அன்று அப்பா சொன்னார்.

“பெர்டி, இந்த பெஞ்ச விட்டு எந்திரிக்கக் கூடாது. நான் போய் அம்மாவையும் டிரெய்லரையும் கூட்டிட்டு வர்ற வரைக்கும் நீதான் இந்த இடத்துக்குப் பூட்டு.”

“பூட்டுக்குப் பசிச்சா?”

“பூட்டு பேசாது.”

அப்பா வண்டியேறிப் போய்விட்டார்.

எங்கள் மலை ஏரிகள் பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கின்றன. வருடத்தில் முக்கால்வாசி நாள் சாலையைப் பனி மூடிவிடும். அதனால் ஊரில் உள்ள அத்தனை கூடாரங்களும் ஜூலை மாதத்தில் ஒரே நாளில் கிளம்பி வந்தது போலிருக்கும். அன்று கூடாரமடித்துத் தங்கும் மூன்று முகாம்களில் ‘இடமில்லை’ பலகையைப் பார்த்துவிட்டோம். நான்காவதான கழுதைக்காது ஏரியில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. அதுதான் பதினாலாம் நம்பர். குறுகலான பாதையில், நாங்கள் படுத்துறங்கும் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு இடம் தேட முடியாது. அதனால் அம்மாவும் தம்பி லார்ஸும் மூன்று மைல் கீழே டிரெய்லருக்குக் காவலாக இருந்தார்கள்.

அப்பாவுக்கு முகாமே பிடிக்காது. மண்பாதையில் போய், ஆளில்லாத காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். போன வருடம் அப்படித்தான் போனோம். காட்டில் கழிப்பறை ஏது? ஒரு குட்டி மண்வெட்டிதான். அதை எடுத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் போன அம்மா, குதிரை உயர மூஸ் மான் ஒன்றின் மூக்குக்கு நேரே போய் நின்றுவிட்டார்.

“இந்த வருஷம் கதவு வச்ச கக்கூஸ் வேணும். இல்லேன்னா வண்டியைத் திருப்பு” என்று அம்மா சொல்லிவிட்டார். பதினாலாம் இடத்துக்கு எதிரே கதவு வைத்த கழிப்பறை இருந்தது. இந்த இடம் போனால் எங்கள் விடுமுறையும் போச்சு.

பத்து நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்தேன். பிறகு குப்புறப் படுத்தேன். தலைகீழாகத் தொங்கினேன். அப்படித் தொங்கியபோதுதான் எங்கள் இடத்தின் நம்பர் கம்பத்தைக் கவனித்தேன். அதில் ஒன்றுமே இல்லை!

இங்கே வழக்கம் இதுதான். ஓர் உறையில் பெயரெழுதிப் பணத்தை வைத்து, உண்டியல் போன்ற இரும்புக் குழாய்க்குள் போட வேண்டும். உறையிலிருந்து கிழித்த துண்டுச் சீட்டை இடத்தின் கம்பத்தில் மாட்ட வேண்டும். சீட்டைக் கிழித்த அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் எதையும் சட்டைப் பையில்தான் போடுவார். போன மாதம் அதில் உயிருள்ள தூண்டில் புழு ஒன்று இருந்தது.

கோல்ஃப் வண்டி ஒன்று வந்து நின்றது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் லவோன் ஆன்ட்டிதான் அதில் வந்தார்.

“கம்பம் ஏன் மொட்டையா நிக்குது?”

“சீட்டு அப்பா பாக்கெட்ல இருக்கு ஆன்ட்டி.”

“எல்லாச் சீட்டும் ஏதோ ஒரு அப்பா பாக்கெட்லதான் இருக்கு. இங்க பாரு, ஆள் இருந்தா இடம் உங்களுது. ஆள் இல்லேன்னா அடுத்து வந்தவங்களுக்கு. புரியுதா?”

“புரியுது.”

அடுத்து வந்தவர்கள் யாரென்று உடனே தெரிந்தது. ஒரு நீலக் கார். கூரைமேல் ரப்பர் வாத்து மிதவை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஓட்டிவந்த பெண்மணி தலையை நீட்டினார்.

“கிளம்பப் போறீங்களா கண்ணு?”

“இல்லீங்க, இப்பதான் வந்தோம்.”

முகாமைச் சுற்றிவிட்டு மறுபடி வந்தார். இரண்டாவது சுற்றில் “இப்ப?” என்றார். மூன்றாவது சுற்றில் ஒன்றும் கேட்காமல் பார்த்தார். பின்சீட்டுப் பொடியன் நாக்கை நீட்டினான். பூட்டு பேசத்தானே கூடாது? நானும் நீட்டினேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பாவைக் காணோம். அங்கே படிக்க இருந்தது விதிப் பலகை ஒன்றுதான். அதைப் பதினேழு முறை படித்தேன். மலைமுகட்டுக்குப் பின்னால் இடி உறுமியது. காற்று கிளம்பியது.

நீலக் கார் மறுபடி வந்து கழிப்பறை எதிரில் நின்றது. “நாச்சோ, கார்லயே இருடா” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார். சட்டென்று வீசிய காற்றில் கயிறு அறுந்தது. வாத்து உருண்டு ஏரிக்குப் போனது. நாச்சோவும் காரைத் திறந்துகொண்டு அதன் பின்னால் ஓடினான்.

“டேய், நில்லுடா!”

அவன் நிற்கவில்லை. ஜூலையிலும் அந்த ஏரியில் கால் வைத்தால் பல் கிட்டிவிடும். கரையெல்லாம் வழுக்குப் பாறை.

கம்பத்தைப் பார்த்தேன். பெஞ்சைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, எனக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை.

இடது ஷூவைக் கழற்றிக் கம்பத்தின் தலையில் மாட்டினேன். ஓடினேன்.

முழங்கால் தண்ணீரில் அவன் காலரைப் பிடித்துவிட்டேன். வாத்து நடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“என் வாத்து!”

“வாத்துக்கு நீச்சல் தெரியும். உனக்குத் தெரியுமா?”

கொஞ்சம் யோசித்தான். “தெரியாது.”

“அப்ப வா.”

அவனை இழுத்துக்கொண்டு நான் நொண்டியபடி திரும்பியபோது, ஆலங்கட்டி விழத் தொடங்கியது. கம்பத்தருகே லவோன் ஆன்ட்டி என் ஷூவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஷூ ஆள் கணக்குல வராது பாப்பா. இடம் இப்ப அந்தம்மாவுக்கு.”

நாச்சோவின் அம்மா ஓடிவந்து அவனை அள்ளிக்கொண்டார். நனைந்த கால்சட்டையைப் பார்த்தார், என் ஒற்றைக் காலுறையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“என் புள்ளைக்காகத்தானே எந்திரிச்சா? அவ இடம் எனக்கு வேணாம். நாங்க வீட்டுக்கே போறோம்.”

“வீட்டுக்கா?” நாச்சோ ஓவென்று அழுதான்.

“யாராவது ஒருத்தர் இடத்தைச் சீக்கிரம் எடுங்க! என் மண்டை உடையுது” என்றார் லவோன் ஆன்ட்டி.

பதினேழு முறை படித்தது அப்போதுதான் உதவியது.

“ஆன்ட்டி, ஒரு இடத்துல எட்டுப் பேர் தங்கலாம்னு பலகையில இருக்கே? நாங்க நாலு, இவங்க ரெண்டு. மொத்தம் ஆறுதானே?”

“வண்டி ரெண்டுக்கு மேல கூடாதே!”

“எங்க வண்டி ஒண்ணு, இவங்க கார் ஒண்ணு.”

“டிரெய்லர்?”

“அது வண்டியில்ல ஆன்ட்டி. சக்கரம் வச்ச பெட்டி.”

லவோன் ஆன்ட்டி பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஷூவைத் திருப்பிக் கொடுத்தார்.

“மிச்சம் ரெண்டு ஆள் இடத்தை என்ன செய்யப் போற?”

“ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு வாத்துக்கு.”

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் வண்டி அம்மா, லார்ஸ், டிரெய்லர் சகிதம் வந்துவிட்டது.

“ரோடு முழுக்க ஆடு! ஆயிரம் ஆடு! ஒரு ஆட்டுக்காவது அவசரமிருக்கணுமே!” என்று இறங்கியவர், மொட்டைக் கம்பத்தைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா நாச்சோவின் அம்மாவுக்குத் துண்டு கொடுத்துவிட்டு, நேரே கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“ஆறு பேரா? இதுக்குக் காட்டுக்குள்ளயே...” என்று அப்பா முணுமுணுத்தார்.

“மூஸ்” என்றார் அம்மா.

அப்பா உடனே சீட்டைக் கம்பத்தில் மாட்டினார்.

மாலையில் காற்று திசை மாறி, வாத்தை அதுவாகவே கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அப்பா மீன் சுட்டார். நாச்சோவின் அம்மா சோள ரொட்டி சுட்டார். நாச்சோ வாத்தைக் கட்டிக்கொண்டு என் மடியில் தூங்கிப்போனான்.

“பெர்டி, எந்திரிச்சு வந்து தட்டை வாங்கு” என்றார் அப்பா.

“முடியாதுப்பா. நான் பூட்டு.”

ஒரு கொசு வந்து என் மூக்கின் மேல் உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அசையவே இல்லை.